பஸ்ஸில் பேசக் கூடாத தலைப்புகள்

எஹலியகொடவிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் மூச்சு விடுவதற்குக்கூட முறை வைத்திருந்தார்கள். வலது பக்கத்தார் இழுக்கும்போது இடது பக்கத்தார் விட வேண்டும். மாறி இழுத்த ஒருவரை குருவிட்ட சந்தியில் இறக்கிவிட்டதாகவும் கேள்வி. அப்படிப்பட்ட நெரிசலிலும் சாரதிக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் இரண்டு பெண்கள் நாள் தவறாமல் ஒட்டி உட்கார்ந்து, ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே போனார்கள். யன்னலோரம் கோகிலா, பக்கத்தில் நஸ்லின்.

கோகிலாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஊருக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா மருதாயி முப்பது வருடம் பால் வெட்டியவள். அந்தத் தோட்டத்து அட்டைகளுக்கு மருதாயியின் காலடிச் சத்தம் தெரியும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் பேர் கொடுக்க ஆட்கள் நிற்பதுபோல அவையும் மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் என்று லயத்தில் சத்தியம் செய்வார்கள். அட்டை கடித்தது ஆறிவிட்டது. கண் ஆறவில்லை. மரத்தில் உயரமான பட்டையை அண்ணாந்து வெட்டும்போது சொட்டிய பால் இடது கண்ணில் விழுந்து, பன்னிரண்டு வருடமாக அந்தக் கண்ணுக்கு உலகம் மழை பெய்யும் யன்னல் மாதிரி. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்து அந்த மாதத்தோடு தீர்ந்தது.

கோகிலா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆசிரியையாக இருந்துகொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தாள். பிறகு இரத்தினபுரியில் ஒரு சிறிய சுகாதார ஆய்வு நிலையத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. நஸ்லினும் அதே நாளில் அங்கே சேர்ந்தவள். எஹலியகொட நகரத்துக்காரி, மாணிக்கக்கல் வியாபாரி முக்தாரின் மகள், வாயாடி.

நிலையத்தை நடத்தியவர் டாக்டர் நூரியா. அதிகம் பேசாத மனுஷி. ஒரு கோப்பைத் தேநீரைக் காலையில் ஊற்றி மத்தியானம்வரை ஆறவைத்துக் குடிப்பார். இரண்டு பேரையும் முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னார்:

"நாங்க செய்யப்போறது ஸ்கோப்பிங் ரிவியூ. ஒரு காட்டுல எந்த மரம் நல்ல மரம், எது சொத்தைன்னு பார்க்கிறது வேற ஆக்கள்ட வேலை. நாங்க எங்கெங்க மரம் இருக்கு, எங்க வெட்டவெளி இருக்குன்னு படம் மட்டும் போடுறோம். நம்மட காடு எதுன்னா, இறப்பர்த் தோட்டத்துல வேலை செய்றவங்கட உடல்நலம் பத்தி உலகத்துல இதுவரைக்கும் நடந்த ஆய்வு."

கோகிலாவுக்கு அந்த நிமிடமே வேலை பிடித்துப்போனது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். மருதாயி நல்ல கண்ணால் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க இடுப்பு வலிக்கிதுன்னு கண்டுபிடிக்க ஒரு வருசம் பேப்பர் படிக்கப் போறீங்களா? எங்கிட்டக் கேட்டா இப்பவே சொல்லிருவேனே."

"நீங்க சொல்றது இருக்கட்டும்மா. யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களான்னு பாக்குறோம்."

"எழுதி வச்சா வலி நின்னுருமா?"

கோகிலா சோற்றைப் போட்டுக்கொண்டு லயத்துக் காம்பராவுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள்.

வேலை ஒழுங்காகத்தான் தொடங்கியது. யாரைப் பற்றிய ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த வருடத்திலிருந்து தேடுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, எவரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவைத்தார்கள். பிறகு ஏதாவது மாறினால், மாறியதையும் காரணத்தையும் கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு தரவுத்தளங்களில் தேடினார்கள். இரண்டு முறை வந்தவற்றை நீக்கியபின் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ஆய்வுகளின் தலைப்பும் சுருக்கமும் மிஞ்சின. இனிச் சலிக்க வேண்டும்: இது எங்கள் கேள்விக்குப் பொருந்துமா, பொருந்தாதா?

அங்கேதான் நூரியா விரலை உயர்த்தினார். "ஒவ்வொண்டையும் ரெண்டு பேரும் தனித்தனியா பார்க்கணும். ஒருத்தர் என்ன முடிவு எடுத்தார்னு மத்தவருக்குத் தெரியக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துப்போனா சரி. முரண் வந்தா நான் மூணாவது ஆளா பார்க்கிறேன். ஒருத்தர் கண்ணுக்குத் தப்பினது மத்தவர் கண்ணுல படணும். அதுக்குத்தான் ரெண்டு பேருக்குச் சம்பளம்."

பழக்கத்துக்காக முதல் ஐம்பதைச் சலித்தபோது பதினான்கில் முரண் வந்தது. நூரியா சிரித்தார். "நல்லது. ரெண்டு பேரும் உண்மையாவே படிக்கிறீங்க."

கணினி மென்பொருள் மிகவும் கட்டுப்பாடானது. நஸ்லின் என்ன முடிவெடுத்தாள் என்பதைக் கோகிலாவின் திரை தலைகீழாகத் தொங்கினாலும் காட்டாது. ஆனால் மென்பொருளுக்கு எஹலியகொட பஸ்ஸைப் பற்றித் தெரியாது.

அது எப்படித் தொடங்கியது என்று இருவருக்கும் நினைவில்லை. சுற்றிலும் சிங்களப் பேச்சு. நடுவில் இரண்டு பேர் தமிழில் பேசினால் கதவைப் பூட்டிக்கொண்ட அறைக்குள் இருப்பதுபோல ஒரு சுதந்திரம். முதலில் சேலை, பிறகு நஸ்லினின் மச்சியின் மச்சாள் செய்த பிரியாணி, பிறகு வேறு கதை தீர்ந்து, அன்றைக்குப் படித்த தலைப்புகள். ஊர்வம்பு பேசுவதுபோலத்தான் பேசினார்கள்.

"இங்க பாரு புள்ள, நேத்து ஒண்டு வந்துச்சு. இறப்பர்க் காட்டுல எலிக்காய்ச்சலாம். உள்ளுக்குப் போட்டேன்."

"எனக்கு இன்னும் வரல. வந்தா நானும் போட்டுர்றேன். அந்தக் கையுறைத் தொழிற்சாலை ஒன்னு வந்திச்சா?"

"அது தோட்டமில்லையே. தூக்கி எறிஞ்சிட்டேன்."

"நானுந்தான்."

"பாத்தியா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூளை!"

ஆறு வாரம் இப்படியே ஓடியது. சலித்து முடித்த ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் முரண்பட்டது பத்தொன்பது மட்டும். நூரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இத்தனை ஒற்றுமையைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை என்றார். அன்று அவர் தேநீரைச் சூடாகவே குடித்தார்.

பிறகு முழுக் கட்டுரைகளைத் தேடி எடுத்து வாசித்து, பொருந்திய அறுபத்திரண்டையும் ஒரு பெரிய அட்டவணையில் போட்டார்கள். இடப்பக்கம் நாடுகள், மேலே நோய்கள். முதுகு, தோள் வலிக்குப் பதினெட்டு. தோலுக்குப் பதினொன்று. மலேரியா, டெங்கு, பாம்புக்கடி என்று ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. ஒரு நிரல் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக நின்றது. கண்.

கோகிலா அந்த வெறுமையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண்ணை உலகத்தில் ஒருவரும் எழுதவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு பரபரப்பு வந்தது.

"இதுதான் நம்மட வெட்டவெளி," என்றார் நூரியா. "கோகிலா, இந்தப் பகுதியை நீங்களே எழுதுங்க. உங்கட பேர் கட்டுரையில ரெண்டாவதா வரும்."

கோகிலாவின் பேர், அச்சில், ஒரு ஆய்வுப் பத்திரிகையில். லயத்துக்குச் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. மருதாயி பக்கத்துக் காம்பராக்காரியிடம், மகளின் பேரைப் போட ஒரு புத்தகம் அடிக்கிறார்கள், அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டுமாம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நஸ்லின் வீட்டில் கோகிலாவைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். முன்னறையில் முக்தார் ஒரு நீலக்கல்லை வெள்ளைத் தாளின்மேல் வைத்திருந்தார். அதன் தரம் சொல்ல வந்தவர் உருப்பெருக்கி வில்லையைக் கண்ணில் வைத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கல்லுக்குத் தரம் சொல்ல வந்த இன்னொருவர் பின்பக்கம் சமையலறை வாசலில் இஞ்சித் தேநீரோடு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். முதலாமவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி மறைந்த பிறகே பின்னால் இருந்தவர் உள்ளே கூப்பிடப்பட்டார்.

கோகிலாவுக்குக் கையிலிருந்த வட்டிலப்ப இனிப்பைவிட இது சுவையாக இருந்தது. "ஏன் அங்கிள், ரெண்டு பேரும் ஒன்னா ஒக்காந்து பாத்தா வேல சுருக்கா முடியுமே?"

முக்தார் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்டா இருத்தினா கல்லப் பாக்குறது ஒருத்தன் மட்டுந்தான் மகள். மத்தவன் இவன்ட மொகத்தப் பாப்பான்."

கரண்டி கோகிலாவின் கையில் அப்படியே நின்றது. நஸ்லினைப் பார்த்தாள். நஸ்லின் சுவரில் தொங்கிய நாட்காட்டியை, அதில் படிக்க ஏதோ புதிதாக முளைத்ததுபோல, கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பஸ் பரகடுவ தாண்டியபோது நஸ்லின்தான் முதலில் உடைந்தாள்.

"நீ மெடம்கிட்டச் செல்லப் போறா என்ன?"

"சொல்லாம இருந்தா அந்தக் கண்ணு நெரலப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஒங்க வாப்பா மொகந்தான் தெரியும்."

"ஒன்ட பேர் போயிடும் புள்ள. ரெண்டாவது பேர். ஒன்ட உம்மாக்கிட்டயும் நீ செல்லிட்டா வேற."

"தெரியும்."

"யாருக்கும் தெரியா. கம்பியூட்டருக்கே தெரியா."

"நமக்குத் தெரியுந்தானே. கண்ணப் பத்தி ஒன்னுமே இல்லன்னு எழுதப் போறேன். ஒன்னுமே இல்லையா, இல்ல நாம பேசிப் பேசித் தூக்கிப் போட்டமா? எனக்கே தெரியாததை எப்புடி எழுதுறது?"

நஸ்லின் கைப்பையின் பட்டியை முறுக்கினாள். "அப்ப என்ட பேரச் செல்லாத. வாப்பாட காதுக்குப் போனா, அவர்ட உதாரணத்துக்கு என்னையே பாவிப்பார்."

கோகிலா சம்மதித்தாள். நூரியாவின் மேசைக்கு முன்னால் நின்று, பஸ்ஸில் முடிவுகளைப் பற்றிப் பேசியதாக, தான் பேசியதாக, தன்னுடைய தவறு என்று சொன்னாள்.

நூரியா கோப்பையைக் கீழே வைத்தார். "ஒருத்தி தனியா எப்படிப் பேசுவா?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நஸ்லின் தானாகவே உள்ளே வந்தாள்.

நூரியா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கணினியைத் திறந்து பழைய எண்களைப் பார்த்தார். "ஐம்பதுல பதினாலு முரண் வந்தவங்களுக்கு, ஆயிரத்து எழுநூத்துச் சொச்சத்துல பத்தொன்பது. நான் அப்பவே கேட்டிருக்கணும். பெருமையா இருந்துச்சு. கேக்கல." கணினியை மூடினார். "எல்லாத்தையும் திரும்பச் சலிக்கணும். வரிசையக் கலைச்சுத் தாறேன். பழைய முடிவு ஒண்டும் திரையில இருக்காது. நடந்ததக் கட்டுரையிலயும் எழுதணும்."

"மெடம், கண்ணுப் பகுதி..."

"அது வெறுமையாவே இருக்கும்னு இப்ப ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. உங்கட பேர் பத்தியும் கடைசில பேசுவோம்."

மறுநாளிலிருந்து பஸ்ஸில் கோகிலா சாரதிக்குப் பின்னால், நஸ்லின் பின்கதவுக்குப் பக்கத்தில். நிலையத்தில் நடுவில் ஒரு இரும்பு அலுமாரி. பஸ்ஸில் இது பெரும் செய்தியாகிவிட்டது. இரண்டே நாளில் நடத்துனர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திக் குனிந்து, என்ன தங்கச்சி, கோபமா என்று கேட்டார்: "மொகத நங்கி, தரஹத?" கோபமில்லை, வேலை விஷயம் என்று கோகிலா சிங்களத்தில் சொன்னதை அவர் நம்பவில்லை. பின்னால் போய் நஸ்லினிடமும் கேட்டார். அவளும் அதையே சொன்னதால் சண்டை பெரியது என்று முடிவு செய்தார். மூன்றாம் வாரத்தில் பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. முன்னிருக்கைக்காரர்கள் கோகிலா பக்கம், பின்னிருக்கைக்காரர்கள் நஸ்லின் பக்கம், நடுவில் நின்றவர்கள் சமாதானக் குழு. குருவிட்டவில் ஏறும் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர், நஸ்லின் அனுப்பியதாகச் சொல்லி ஒரு டொபியைக் கோகிலாவிடம் கொடுத்தார். கோகிலா அனுப்பியதாகச் சொல்லி இன்னொன்றை நஸ்லினிடம் கொடுத்தார். இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கியவர் அவரே.

கோகிலா டொபியைச் சப்பிக்கொண்டு தனியாக யோசித்தாள். தனியாகப் படிப்பது இத்தனை கடினம் என்று அவளுக்கு முன்பு தெரியாது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் நாளைக்கு பஸ் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. இப்போது சுருக்கத்தின் கடைசி வரிவரை போக வேண்டியிருந்தது.

அப்படிக் கடைசி வரிவரை போன ஒரு பிற்பகலில் அது வந்தது. தூரத்து நாடொன்றில் விவசாயிகளுக்கு ஏற்படும் கண் காயங்கள். தலைப்பில் நெல்லும் கரும்பும் இருந்தன. சுருக்கத்தின் முடிவில், வேறு பேச்சுக்கு நடுவில், ஒற்றை வரி: காயப்பட்டவர்களில் முப்பத்தொரு பேர் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள்.

கோகிலாவுக்கு நினைவு வந்தது. பரகடுவக்குப் பக்கத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது நஸ்லின் சொன்னது. "கண்ணு ஆய்வு ஒண்டு. நெல்லு வெட்டுறாக்களாம். தூக்கிட்டேன்." அடுத்த நாள் அந்தத் தலைப்பு தன் திரையில் வந்தபோது, கோகிலா நெல்லைப் பார்த்தவுடனே பொத்தானை அழுத்தியிருந்தாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. அலுமாரிக்கு அந்தப் பக்கம் நஸ்லினின் விசைப்பலகைச் சத்தம் மட்டும். இப்போது வேண்டாம் என்று அழுத்தினாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நஸ்லின் இந்த முறையும் தூக்கிப் போட்டால் ஒற்றுமை. நிரல் வெறுமையாகவே நிற்கும். கோகிலாவின் பேரும் நிற்கும். கோகிலா அம்மாவின் கண்ணை நினைத்துக்கொள்ளவில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்தது அந்த முப்பத்தொரு பேர். அவர்களும் அண்ணாந்துதான் வெட்டியிருப்பார்கள்.

'உள்ளே' என்று அழுத்தினாள்.

நஸ்லின் மறுபடி தூக்கிப் போட்டிருந்தாள். முரண். நூரியா மூன்றாவது ஆளாக முழுக் கட்டுரையையும் எடுத்து வாசித்து உள்ளே போட்டார். இந்த முறை முரண் இருநூற்று முப்பத்தொன்று. தீர்க்க நூரியாவுக்குப் பத்து நாளும், கணக்கில்லாத ஆறிய தேநீரும் பிடித்தன. முடிவில் அறுபத்திரண்டு எழுபத்தொன்றானது. கண் என்ற நிரலில் ஒரே ஒரு கட்டத்தில் '1' உட்கார்ந்துகொண்டது.

"உங்கட வெட்டவெளியில ஒரு மரம் முளைச்சிட்டுது," என்றார் நூரியா.

"ஆமா மெடம்."

"அதப் போட்டது நீங்கதான். பதிவுல பார்த்தேன்." கோப்பையின் விளிம்பை விரலால் துடைத்தார். "அந்தப் பகுதிய நீங்களே எழுதுங்க. பேர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பஸ் விஷயத்தையும் நீங்களே எழுதணும்."

அந்த ஒற்றை வசனத்தை எழுத கோகிலாவுக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் எழுதியதில் பஸ் ஒரு பக்கம் ஓடியது, நடத்துனர்கூட வந்துவிட்டார். மூன்றாம் நாள் மிஞ்சியது இவ்வளவுதான்: முதல் சுற்றில் ஆய்வாளர் இருவரும் தங்கள் முடிவுகளைத் தமக்குள் பேசிக்கொண்டதால், சலிப்பு முழுவதும் மீண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டது.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு படி இருந்தது. அட்டவணையை, அது யாரைப் பற்றியதோ அவர்களிடமே காட்டிக் கருத்துக் கேட்பது. ஒரு சனிக்கிழமை நூரியாவும் நஸ்லினும் முச்சக்கர வண்டியில் தோட்டத்துக்கு ஏறி வந்தார்கள். பிள்ளை மடுவத்துச் சுவரில், அகர எழுத்துப் படங்களுக்குப் பக்கத்தில் அட்டவணையைப் பெரிதாக ஒட்டினார்கள். பால் வெட்டும் பெண்கள் இருபது பேர் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். மருதாயி முன்வரிசையில்.

கோகிலா ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதுகுக்குப் பதினெட்டு என்றதும், "பதினெட்டுப் பேரும் எம்முதுகப் பாத்தா எழுதுனாங்க?" என்று ஒருத்தி கேட்க, மடுவம் சிரித்து ஓய்ந்தது. கண்ணுக்கு வந்தாள்.

மருதாயி எழுந்து சுவருக்குக் கிட்டப் போய், நல்ல கண்ணைத் தாளோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். விரலை அந்த ஒன்றின்மேல் வைத்தாள்.

"இந்த ஒன்னு யாரு?"

"வேற நாட்டுல முப்பத்தொரு பேரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க."

"நம்ம பக்கத்து ஆளு எத்தன?"

"ஒருத்தரும் இல்ல."

மருதாயி திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "ஏன் புள்ள, இங்க எத்தன பேருக்குக் கண்ணுல பால் விழுந்துருக்கு? கையத் தூக்குங்க பாப்போம்."

நூரியா வேகமாக முன்னுக்கு வந்தார். "கை தூக்க வேணாம். ஒருத்தரப் பார்த்து மத்தவர் தூக்குவீங்க. ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரும் தனித்தனியா எழுதட்டும்."

கோகிலா ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மடுவத்தின் ஒரு மூலைக்குப் போனாள். நஸ்லின் இன்னொரு கொப்பியோடு எதிர் மூலைக்கு, தொட்டில்களுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பெண்கள் முதலில் ஒரு மூலைக்கும் பிறகு மறு மூலைக்குமாக, ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பன்னிரண்டாவதாக மருதாயி வந்து மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பேரு?" என்று கேட்டாள் கோகிலா.

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

"நீங்க சொல்லணும்மா."

மருதாயி சொன்னாள். கோகிலா எழுதினாள். எதிர் மூலையில் நஸ்லினின் கொப்பியில் என்ன எழுதப்படுகிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.